பிள்ளைகளின் பெயரில் எழுதிய கணக்கு

சோமனூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும். பாவுக் கணக்குப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. தறிச் சாமான் வாங்கப் போகிறவர்கள் உண்டு. வைத்தியரைப் பார்க்கவும், பெண்ணுக்குப் புடவை எடுக்கவும் போகிறவர்களும் உண்டு. கருமத்தம்பட்டியைத் தாண்டி அவினாசி ரோட்டில் விரைந்து, காந்திபுரத்தில் வந்து இறங்கினால், கூப்பிடு தூரத்தில் ஒரு நீண்ட மதில் தெரியும். அதுதான் கோவை மத்தியச் சிறைச்சாலை. இந்த மதிலுக்குள்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தார். அந்தச் செக்கு இன்றும் அங்கே நினைவுச் சின்னமாக வைத்துப் போற்றப்படுகிறது. பக்கத்தில் அவர் பெயரால் ஒரு பூங்காவும் இருக்கிறது.

செக்கைப் பற்றித் தமிழ்நாட்டில் தெரியாத குழந்தை கிடையாது. கப்பலைப் பற்றியும் அப்படியே. ஆனால் கப்பலுக்கும் செக்கிற்கும் அப்பால் அந்த மனிதர் ஒரு வீட்டுக்குத் தலைவராக இருந்தார், கட்டிய மனைவியையும் பெற்ற மக்களையும் வைத்துக் காப்பாற்ற வேண்டியவராக இருந்தார், சிவபக்தராக இருந்தார், கை நீட்டிக் கொடுத்தே பழகியவர், பிறர் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியவராகவும் ஆனார். தேசப் போரில் அடிபட்டுத் திரும்பிய அந்த முதுபெரும் வீரரின் இல்லற வாழ்க்கையைப் பற்றித்தான் இங்கே சிறிது சொல்ல நினைக்கிறோம். ஆரவாரமான மேடைகளில் இந்தப் பகுதி அதிகமாகப் பேசப்படுவதில்லை.

1872-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில், வக்கீல் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் புதல்வராகப் பிறந்தவர் அவர். தகப்பனார் வழியிலேயே வக்கீலானார். 1895-ல் வள்ளியம்மையை மணந்தார். அந்த அம்மாளின் பெருமையைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தி போதும். கண் பார்வையற்ற இராமையா தேசிகர் என்ற துறவி ஒருவரைப் பிள்ளையவர்கள் தம் வீட்டிலேயே வைத்து ஆதரித்து வந்தார். தேசிகர் வேறு ஜாதியைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில், அந்த ஊரில், அது லேசான விஷயமா? உற்றார் முணுமுணுத்தார்கள்; ஊரார் வெளிப்படையாகவே பேசினார்கள். வள்ளியம்மையோ தயங்கவில்லை. தேசிகருக்குத் தம் கையாலேயே அன்னம் பரிமாறினார். கணவன் செய்கிற தர்மத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனைவிமார் அநேகர். அதன் ஊர்ப்பழியிலும் பாதியை வாங்கிக்கொள்பவர் சிலரே. அந்த உத்தமி நெடுங்காலம் வாழவில்லை. 1901-ல் அவர் காலமான பிறகு, மீனாட்சி அம்மாள் இல்லத்தரசியாக வந்தார். மேலே சொல்லப்போகும் கஷ்டங்களையெல்லாம் கணவரோடு கூட இருந்து சுமந்தவர் இந்த மீனாட்சி அம்மாள்தான்.

தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்த பிறகு அவர் வக்கீல் தொழிலில் நன்றாகவே சம்பாதித்தார். ஏழைகளின் வழக்குகளை விரும்பி எடுத்தார். சுதேசியம் வந்ததும் சம்பாத்தியமெல்லாம் அதன் பின்னே போயிற்று. சோமனூர்ப் பக்கத்து நேயர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: கப்பல் கம்பெனிக்காரர் என்று நாம் அறிந்த இவர், தூத்துக்குடியில் தர்ம சங்க நெசவுச் சாலை என்று ஒரு நெசவு ஸ்தாபனமும் ஏற்படுத்தினார். 1906-ம் வருஷம் அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அடுத்த வருஷம் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

1908 பிப்ரவரி 27-ந் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே நூற்றவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏழைகள். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் அடுப்பு எரியாத குடும்பங்கள். கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் விசைத்தறிகள் நிற்கும் நாட்களில் சோமனூரின் வீதிகள் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. பேச்சாளர் பேசிவிட்டுப் போகலாம். நிறுத்திய கை என்ன சாப்பிடும்? பிள்ளையவர்கள் பேசியதோடு நிற்கவில்லை. அந்தக் குடும்பங்களின் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்தார், பணம் திரட்டினார். ஒன்பது நாளில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடைத்தது. அதற்கடுத்த வாரமே, மார்ச் 12-ந் தேதி, அவர் கைதானார்.

ஜூலை 7-ந் தேதி திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜத்துரோகப் பேச்சுக்கு ஓர் ஆயுள் தண்டனை. சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. ஒரு மனிதனுக்கு இருப்பது ஓர் ஆயுள்தானே என்று வெள்ளைக்கார நீதிபதி யோசித்ததாகத் தெரியவில்லை! பின்னால் சென்னை ஹைகோர்ட்டில் அது ஆறு வருஷமாகக் குறைந்தது. ஆனால் தீர்ப்பின் முதல் அடி விழுந்த இடத்தில் விழுந்துவிட்டது. அண்ணனுக்கு இரட்டை ஆயுள் என்ற செய்தியைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. ஹைகோர்ட்டு தண்டனையைக் குறைத்தது. தம்பியின் தெளிவை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவர் ஆயுள் முழுவதும் அப்படியே இருந்தார். தேச சரித்திரம் எழுதுகிறவர்கள் தியாகிகளின் ஜாபிதாவில் இந்தத் தம்பியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஜூலை 9-ந் தேதி பிள்ளையவர்கள் கோவைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். 1910 டிசம்பர் வரையில் அங்கேதான் இருந்தார். முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றச் சொன்னார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அதைக் கண்ட பிறகு, மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். இவ்வளவையும் அவர் தம் சுயசரிதையில் செய்யுளாகவே எழுதி வைத்திருக்கிறார். தமக்கு நேர்ந்த கொடுமையை அகவற்பாவில் அளந்து எழுதுவதற்கு எத்தகைய மனம் வேண்டும்! அதே சிறைவாசத்தில்தான் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். 1909-ல் அது அச்சாயிற்று. உடம்பு செக்கில் இருக்க, மனம் போல வாழ்வு என்று எழுதியவரை என்னவென்று சொல்வது?

இந்தக் கோவையில்தான் அவருக்கு ஒரு பெரிய துணை கிடைத்தது. சி. கே. சுப்பிரமணிய முதலியார் என்பவர் அந்நாளில் இவ்வூர் வக்கீல், சிறந்த சைவர். பிற்காலத்தில் பெரிய புராணத்துக்கு விரிவான உரை கண்டு, தமிழ்நாடு முழுதும் வணங்கத்தக்க பெயரெடுத்தார். அவர் சிறைக்குள் இருந்த பிள்ளையவர்களைப் பார்த்து வந்தார், வழக்குக் காரியங்களில் உதவினார், குடும்பத்தையும் ஆதரித்தார். ராஜத்துரோகிக்கு உதவுவது அந்தக் காலத்தில் ஒரு வக்கீலுக்கு லாபமான காரியம் அன்று. திருத்தொண்டர்களின் சரித்திரத்தை உரையெழுதி விளக்கும் தகுதி முதலியாருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள், இந்தச் சிறை வாசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்பு கண்ணனூர்ச் சிறை. 1912 டிசம்பர் 24-ந் தேதி விடுதலை. வெளியே வந்தபோது அவரிடம் என்ன மிஞ்சியிருந்தது? கப்பல் கம்பெனி கலைந்துபோயிருந்தது. காலியா கப்பல், எந்த வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து ஓடியதோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டுவிட்டது. வக்கீல் சன்னத்தைப் பறித்துவிட்டார்கள். மனைவி மக்களுடன் சென்னையில் குடியேறினார். சின்னச் சின்ன வியாபாரங்கள் செய்து பார்த்தார். மண்ணெண்ணெய்க் கடையும் வைத்தார். ஊருக்கெல்லாம் கொடுத்தவருக்குக் கடை வியாபாரம் எப்படிக் கைகூடும்? கூடவில்லை.

அந்த வருஷங்களில் அவர் குடும்பம் பட்டினி கிடக்காமல் காத்ததில் பெரும்பங்கு கடல் கடந்த தமிழர்களுடையது. தென்னாப்பிரிக்காவுக்குப் பிழைக்கப் போன நம்மவர்கள், தங்கள் சொற்ப வருமானத்தில் மிச்சம் பிடித்து இவருக்குப் பணம் அனுப்பினார்கள். அவர்களுள் முதன்மையானவர் த. வேதியப் பிள்ளை. இந்தத் தொடர்பினால்தான் 1915-ல் காந்தியடிகளுடன் ஒரு கடிதப் போக்குவரத்தும் ஏற்பட்டது. அதைப் படித்தால் கல் நெஞ்சமும் கரையும்.

அந்த ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்திருந்தார். சந்திக்க விரும்புவதாகப் பிள்ளையவர்கள் எழுதினார். விடியற்காலையில் வரலாம் என்று காந்தி பதில் அனுப்பினார். பிள்ளையவர்களோ, டிராம் வண்டி புறப்படுவதே ஐந்தரை மணிக்கு மேல்தான், ஆகையால் குறித்த நேரத்துக்கு வந்து சேர முடியுமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்ற கருத்துப்பட மறுமொழி எழுத வேண்டியிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் இரண்டு கப்பல்களை ஓட்டியவர் அவர்!

தென்னாப்பிரிக்காவில் பிள்ளையவர்களுக்கென்று சிலர் காந்தியிடம் பணம் கொடுத்திருந்தார்கள். அது தங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று காந்தி கேட்டார். வரவில்லை. எவ்வளவு தொகை, யார் கொடுத்தது என்பதைக் காந்தி பழைய கணக்குகளில் விசாரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கடிதங்கள் போயின; வந்தன; மாதங்கள் நகர்ந்தன. வேறு நிலையில் இருந்தால் இந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், இப்போதுள்ள நிலையில் மறுப்பது தவறாகும் என்று பிள்ளையவர்கள் மனம் விட்டு எழுதினார். 1916 ஜனவரியில் பணம் வந்தது: 347 ரூபாய், 12 அணா. அந்தப் பன்னிரண்டு அணாவையும் நாம் மறக்கக் கூடாது. யாரோ ஒரு கூலிக்காரன் முடிந்து வைத்திருந்த சில்லறையும் அதில் சேர்ந்திருக்கலாம் அல்லவா?

வாங்கிக்கொள்வது கொடுப்பதைவிடக் கடினம். கொடுத்துப் பழகிய கைக்கு அது இன்னும் கடினம். பலர் அந்த நிலையில் மனம் கசந்து போவார்கள். சிலர் வாங்கியதை மறந்துவிடுவார்கள். சிதம்பரம் பிள்ளை செய்தது வேறு. அதற்கு அவருடைய வீட்டுக் குழந்தைகளின் பெயர்களைப் பார்க்க வேண்டும்.

மூத்த பிள்ளைக்கு உலகநாதன் என்று தம் தகப்பனார் பெயரை வைத்தார். அது எல்லாக் குடும்பங்களிலும் உள்ள வழக்கம். பின்னால் பிறந்த ஒரு மகனுக்குச் சுப்பிரமணியம் என்று பெயரிட்டார். கோவை சுப்பிரமணிய முதலியாருக்கு அவர் செலுத்திய நன்றி அது. ஒரு மகளுக்கு வேதவல்லி. தென்னாப்பிரிக்காவிலிருந்து படியளந்த வேதியப் பிள்ளையின் பெயர் அந்தப் பெண்ணின் பெயருக்குள் இருக்கிறது. இன்னொரு மகனுக்கு வாலீசுவரன் என்று பெயர். இது கொஞ்சம் வேடிக்கையான கதை. பறிபோன வக்கீல் சன்னத்து 1920-களில் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்கு முயன்று உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. வாலஸ் துரைக்கு நன்றி காட்ட, ஒட்டப்பிடாரத்துச் சைவர் தம் குழந்தையின் பெயரில் வாலஸையும் ஈசுவரனையும் சேர்த்து வைத்துவிட்டார்! வெள்ளையர் ஆட்சியை அவரைப் போல் எதிர்த்தவர் தென்னாட்டில் இல்லை. ஆனால் நல்லது செய்த ஒரு வெள்ளைக்காரரின் பெயரை வீட்டுக்குள்ளே நாள்தோறும் அழைக்க அவருக்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை.

கொங்கு நாட்டாருக்கு வாலீசுவரன் என்பது புதிய பெயர் அன்று. அவினாசிக்கு வடக்கே சேவூரில் வாலீசுவரர் கோயில் இருக்கிறது; வாலி பூஜித்த சிவபெருமான் என்பது ஐதீகம். இவ்விடத்தில்தான் பிள்ளையவர்களின் பக்தியின் தன்மை நமக்குத் தெரிகிறது. சுப்பிரமணியம் முருகன் பெயர். வேதவல்லி அம்பிகையின் பெயர். வாலீசுவரன் சிவன் பெயர். ஒவ்வொன்றும் தெய்வத்தின் பெயராகவும் இருக்கிறது, உதவிய மனிதரின் பெயராகவும் இருக்கிறது. தெய்வத்துக்கு ஒரு கணக்கு, மனிதருக்கு ஒரு கணக்கு என்று அவர் இரண்டு ஏடுகள் வைத்துக்கொள்ளவில்லை. ஆபத்தில் வந்த உதவியைத் தெய்வம் அனுப்பியது என்று எல்லோரும் சொல்லுகிறோம். அதைக் குழந்தையின் தொட்டிலில் எழுதி வைத்தவர் அவர். தாயார் மீனாட்சி அம்மாள் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடும்போதெல்லாம் கோவையும், தென்னாப்பிரிக்காவும், ஒரு நீதிபதியின் நியாயமும் அந்த வீட்டில் ஒலித்திருக்கும்.

சிறையில் இருந்த கோவைக்கே பிற்பாடு குடும்பத்தோடு வந்து சில ஆண்டுகள் வசித்தார். 1920-ஐ ஒட்டிய காலம் அது. ஒரு வங்கியில் சிறிது காலம் வேலை பார்த்தார். தொழிலாளர் சங்கங்களுக்கும் உழைத்தார். தம்மை மாட்டைப் போல நடத்திய சிறையின் மதிலைத் தினமும் பார்க்கக்கூடிய ஊரில் மனைவி மக்களுடன் குடியிருப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். பக்கத்திலே முதலியார் போன்ற சிநேகிதர்கள் இருந்ததும் காரணமாக இருக்கலாம். ஒத்துழையாமை இயக்கத்தைப் பற்றிக் கருத்து வேற்றுமை ஏற்பட்டு, 1920-ல் காங்கிரஸிலிருந்து விலகியிருந்தார். 1927-ல் சேலத்தில் கூடிய அரசியல் மகாநாட்டுக்குத் தலைமை வகித்தபோதுதான் மறுபடியும் தேசிய மேடையில் ஜனங்கள் அவரைக் கண்டார்கள்.

வறுமையிலும் தமிழை அவர் விடவில்லை. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையை 1917-ல் பதிப்பித்தார். 'மெய்யறம்', 'மெய்யறிவு' என்ற நூல்களை வெளியிட்டார். தொல்காப்பிய இளம்பூரணர் உரைக்கும் உழைத்தார். கடைசியாக 1935-ல் சிவஞான போதத்துக்கு உரை எழுதி வெளியிட்டார். சைவ சித்தாந்தத்தின் தலைநூல் அது. பன்னிரண்டே சூத்திரம், பண்டிதர்களையே திணற அடிப்பது. அதைச் சாதாரண ஜனங்களும் படித்து அறிய வேண்டும் என்று எளிய நடையில் எழுதினார். தம்மிடம் இருந்தது எதுவானாலும் பிறருக்குப் பகிர்ந்து கொடுக்காமல் அவரால் இருக்க முடிந்ததில்லை போலும். பணம் இருந்த நாளில் பணம். பணம் போன பிறகு சித்தாந்தம்.

கோவில்பட்டியில் வக்கீல் தொழில் நடத்திப் பார்த்தார். 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். நடந்து ஓய்ந்த கால்களுக்குப் பழைய துறைமுகமே போதும் என்று தோன்றிற்று போலும். 1936-ல் உடல்நிலை மோசமாயிற்று. கடைசி விருப்பம் ஒன்று சொன்னார்: தம்மைக் காங்கிரஸ் ஆபீஸுக்குத் தூக்கிச் செல்லுங்கள் என்பது அது. அப்படியே செய்தார்கள். நவம்பர் 18-ந் தேதி அங்கேயே அவர் உயிர் பிரிந்தது.

மூன்று வருஷத்துக்குப் பின், 1939-ல் சென்னையில் காங்கிரஸ் மாளிகையில் அவருக்குச் சிலை எழுந்தது. 1949-ல், சுதந்திர இந்தியாவில், அவர் பெயரைத் தாங்கிய ஒரு கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. கவர்னர்-ஜெனரல் ராஜாஜி வந்து அதைத் தொடங்கி வைத்தார். 1972-ல் நூற்றாண்டுத் தபால்தலை வந்தது. இவையெல்லாம் பொதுவாழ்வின் கணக்கு. வீட்டுக் கணக்கை அவர் தாமே எழுதி வைத்துவிட்டுப் போனார். இறப்பதற்குச் சிறிது முன் எழுதிய உயிலில், தாம் கொடுக்க வேண்டிய கடன்களை ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார். லட்சக்கணக்கில் கப்பல் வியாபாரம் செய்தவரின் உயில் என்று எண்ணி அதைப் பார்த்தால், அதில் இருப்பவை வீட்டு வாடகைப் பாக்கி, எண்ணெய்க் கடைப் பாக்கி, ஜவுளிக் கடைப் பாக்கி, சில்லறைக் கைமாற்று.